பைன் காட்டில் குதிரையோடு முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ராபிட் சிட்டி பக்கம் குடியேறி ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டில் இரண்டு குதிரைகள். ஒன்று செவலை நிறப் பெண்குதிரை; அவள் பெயரும் செவலைதான். இன்னொன்று பதினெட்டு வயசான கறுப்பன், காயடித்த ஆண்குதிரை. கோடையில் நாலைந்து தடவை இரண்டையும் கூட்டிக்கொண்டு பிளாக் ஹில்ஸ் காட்டுக்குள் போய் இரண்டு மூன்று இரவு தங்குவோம். டென்வர், மினியாபொலிஸ் பக்கத்து நண்பர்களும் ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிளாக் ஹில்ஸ்னா எங்க? அங்க அப்படி என்ன இருக்கு?

தெற்கு டகோட்டாவின் மேற்கு ஓரத்தில் தொடங்கி வயோமிங்குக்குள்ளும் கொஞ்சம் நீளும் மலைத்தொடர். சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி. நடுவில் பாண்டரோசா பைன் மூடிய மலை. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும், அதனால்தான் அந்தப் பெயர். இந்த மண்ணின் பழங்குடிகளான லகோட்டா மக்கள் மொழியில் பஹா ஸாபா. தேசிய வனம் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர்.

குதிரையோடு போவதற்கு இந்தக் காடு ஏன் தோதானது என்றால், பாண்டரோசா மரங்கள் இடைவெளி விட்டு வளரும். அடியில் புதர் குறைவு, ஊசியிலை மெத்தைபோல் கிடக்கும், குளம்புச் சத்தமே கேட்காது. வெயில் ஏறிய பிறகு ஒரு பெரிய மரத்தின் பட்டை இடுக்கில் மூக்கை வைத்துப் பாருங்கள், வெனிலா வாசனை அடிக்கும். செவலை ஒவ்வொரு தடவையும் அதை முகர்ந்துவிட்டுத்தான் நகர்வாள்.

எனக்குக் குதிரையும் இல்ல, ஓட்டவும் தெரியாது. நேரா முகாமுக்கே வரலாமா?

வேண்டாம். முதலில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சில மாதம் பழகுங்கள். ஏறி உட்காருவதைவிட, தரையில் நின்று குதிரையை நடத்துவது, கட்டுவது, குளம்பு தூக்கிச் சுத்தம் செய்வது இதெல்லாம் கைக்கு வர வேண்டும். முகாமில் நீங்கள் சேணத்தில் இருப்பது நாளுக்கு நாலு மணி நேரம் என்றால், குதிரையைக் கவனிப்பது மீதி இருபது மணி நேரம்.

முதல் தடவை எங்க தங்கறது?

குதிரைக்காரர்களுக்கென்றே அமைத்த முகாமில். தேசிய வனத்துக்குள் ஹில் சிட்டி பக்கத்தில் வில்லோ கிரீக் குதிரை முகாம் இருக்கிறது. கஸ்டர் மாநிலப் பூங்காவுக்குள் பிரெஞ்ச் கிரீக் குதிரை முகாம் இருக்கிறது. அங்கே குதிரை அடைக்கப் பட்டி உண்டு. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

கொஞ்சம் பழகிய பிறகு சென்டெனியல் பாதையில் போகலாம். தெற்கு டகோட்டா மாநிலமான நூறாவது ஆண்டு நினைவாக 1989இல் திறந்த பாதை, 111 மைல் நீளம். பேர் பியூட் மலையில் தொடங்கி விண்ட் கேவ் தேசியப் பூங்காவரை போகிறது. அதை முழுசாகப் போக நினைக்காமல் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குதிரைக்குமா பேப்பர் கேப்பாங்க?

கேட்பார்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்தால் இரண்டு தாள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, கால்நடை மருத்துவர் பார்த்துக் கொடுத்த உடல்நலச் சான்று. இன்னொன்று, குதிரைத் தொற்று ரத்தசோகை இல்லை என்று காட்டும் காகின்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவு. அந்த நோய்க்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. கடிக்கும் பெரிய ஈக்கள் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். பல ஊர்க் குதிரைகள் பக்கம் பக்கமாக நிற்கும் முகாமில் அந்த ஒரு தாள்தான் எல்லோருக்கும் தைரியம்.

காடு பூரா புல்லு இருக்குமே, எதுக்குப் புல்லுக்கட்ட தூக்கிட்டுப் போகணும்?

பைன் நிழலில் புல் அதிகம் வளராது. இருக்கிற கொஞ்சமும் மானுக்கும், எல்க் என்ற பெரிய மான் இனத்துக்கும். 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏழிலிருந்து ஒன்பது கிலோ காய்ந்த புல் தின்னும். இரண்டு குதிரை, மூன்று நாள் என்றால் ஐம்பது கிலோ. அதைக் காட்டில் மேயவிட்டு ஈடுகட்ட முடியாது.

அடுத்தது, எந்தப் புல்லையும் கொண்டுபோய்விட முடியாது. களைவிதை இல்லை என்று சான்று பெற்ற புல் மட்டுமே தேசிய வனத்துக்குள் அனுமதி. ஊதாவும் மஞ்சளும் முறுக்கிய கயிற்றால், அல்லது நீலமும் ஆரஞ்சும் கலந்த கயிற்றால் கட்டியிருப்பார்கள். கயிற்றைப் பார்த்தே தெரியும். லீஃபி ஸ்பர்ஜ், கனடா திசில் மாதிரி வெளியூர்க் களைகள் குதிரையின் வயிற்றுக்குள் போய், லத்தியோடு வெளியே வந்து முளைக்கும். அதனால் கிளம்புவதற்கு மூன்று நாலு நாள் முன்பிருந்தே இந்தப் புல்லை மட்டும் கொடுக்க வேண்டும். தீனியைத் திடீரென்று மாற்றினாலும் குதிரை வயிறு தாங்காது, ஆகவே நாங்கள் பத்து நாள் முன்பே பழைய புல்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க ஆரம்பித்துவிடுவோம்.

கொள்ளு வெச்சா போதாதா? நம்ம ஊர்ல ஜட்கா குதிரைக்கு அதானே?

மதுரையிலிருந்து சித்தப்பா கேட்டது. கொள்ளு நல்ல தீனிதான், ஆனால் அதற்குப் பழகிய குதிரைக்கு. எங்கள் குதிரைகள் அதைப் பார்த்ததே இல்லை. மேலே சொன்னபடி தீனி மாற்றம் மெதுவாக நடக்க வேண்டும், முகாம் அதற்கான இடமில்லை. தவிர, குதிரையின் இரைப்பை உடம்புக்கு மிகச் சிறியது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். தின்றதை வாந்தியெடுக்கவும் அதால் முடியாது. ஒரே நேரத்தில் தானியத்தைக் கொட்டுவதைவிட, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகப் புல் உள்ளே போய்க்கொண்டிருப்பதே அதன் உடம்புக்கு ஏற்றது. ராத்திரியிலும் புல்வலை காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்றுகொண்டிருக்கும் குதிரை பயப்படுவதும் குறைவு.

ராத்திரி ஒரு மரத்துல கட்டிட்டா முடிஞ்சதில்ல?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மரத்தில் நேராகக் கட்டினால் குதிரை சலிப்பில் பட்டையைக் கடிக்கும், முன்காலால் தரையைத் தோண்டும். ஒரே இரவில் வேர் வெளியே தெரியும் அளவுக்குப் பள்ளம் விழும். பட்டை சுற்றிலும் உரிந்தால் நூறு வருஷ மரம் நின்றபடியே செத்துப்போகும். குதிரைக்கும் ஆபத்து: மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிறு குட்டையாகி, தலை தூக்க முடியாமல் நிற்கும்.

இதற்கு ஹைலைன் கட்டுவார்கள். இரண்டு உயிருள்ள, ஒன்றரைச் சாணுக்குக் குறையாத தடிமனுள்ள மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே ஏழு அடி உயரத்தில் விறைப்பாக ஒரு கயிறு. மரத்தில் கயிறு படக்கூடாது. இரண்டு மூன்று அங்குல அகலமுள்ள நைலான் வாரைச் சுற்றி, அதில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். நடுக்கயிற்றில் சுழலும் வளையம் மாட்டி, அதிலிருந்து குதிரையின் முகக்கயிறு தொங்கும். மரத்திலிருந்து எட்டு அடியாவது தள்ளி, ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு அடி விட்டு நிறுத்துங்கள். ஓடை, பாதை, கூடாரம் எதிலிருந்தும் இருநூறு அடி தள்ளி, காய்ந்த மேட்டு நிலமாகப் பாருங்கள். மரம் தேர்ந்தெடுக்கும்போது அண்ணாந்தும் பார்க்க வேண்டும். இந்தக் காட்டில் பட்டைத்துளைப்பான் வண்டு கொன்ற மரங்கள் நிறைய. செத்த மரமோ முறிந்து தொங்கும் கிளையோ மேலே இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

தொங்கும் கயிற்றின் நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தரையில் வைத்த புல்லை வாய் எட்ட வேண்டும், ஆனால் தலை தூக்கினால் கயிறு முழங்காலுக்குக் கீழே தொங்கக்கூடாது. முதல் வருஷம் நான் ஒரு சாண் கூடுதலாக விட்டுவிட்டேன். விடிகாலை மூன்று மணிக்குச் சத்தம் கேட்டு ஓடினால், செவலை முன்கால் ஒன்றைக் கயிற்றுக்கு மேலே போட்டுக்கொண்டு மூன்று காலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். குளம்புக்கு மேலே தோல் சுற்றிலும் உரிந்து ரத்தம் கசிந்தது. கயிற்று நுனியை இழுத்ததும் அவிழ்கிற முடிச்சாக இருந்ததால் நொடியில் விடுவிக்க முடிந்தது. அந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு, வீட்டிலேயே ஐம்பது தடவை போட்டு அவிழ்த்துப் பழகுங்கள். பையில் ஒரு கத்தியும் இருக்கட்டும்.

தளை பூட்டி மேயவிடலாமே? மின்வேலி போட்டா?

இரண்டும் உண்டு. முன்கால்களில் தளை பூட்டிய குதிரை மெதுவாக நகர்ந்து மேயும். ஆனால் பழகிய குதிரை தளையோடும் முயல் மாதிரி தாவித் தாவி ஒரு மைல் போய்விடும். கண் முன்னால் வைத்து மாலையில் ஒரு மணி நேரம் மேய்க்க மட்டும் தளை போதும்.

பேட்டரியில் ஓடும் மின்வேலி சின்ன புல்வெளித் துண்டுகளுக்கு நல்லது, அன்றாடம் இடம் மாற்றலாம். ஆனால் அது வேலி என்று குதிரை நம்பும்வரைதான் வேலி. மானோ எல்க்கோ இரவில் நாடாவை அறுத்துக்கொண்டு ஓடினால் குதிரையும் பின்னாலேயே போகும். எங்கள் வழக்கம், பகலில் வேலி, இரவில் ஹைலைன். எதுவானாலும் வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று இரவு பழக்கிவிட்டுத்தான் காட்டில் செய்ய வேண்டும்.

குதிரை நின்னுக்கிட்டேதான் தூங்குமா? கட்டிப்போட்டா பாவமில்லையா?

கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றபடி கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும், அதுவும் பத்திரம் என்று மனசுக்குப் பட்டால்தான் படுக்கும். முதல் இரவு பெரும்பாலும் படுக்காது. ஹைலைனில் சில குதிரைகள் மடங்கிப் படுக்கும், சில படுக்காது. அதனால் நாங்கள் மூன்று இரவுக்கு மேல் தங்குவதில்லை, நடுவில் ஒரு நாள் சவாரியே இல்லாமல் விட்டுவிடுவோம்.

கவனியுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் தூங்காது. கறுப்பன் படுத்தால் செவலை காதை முன்னால் நிமிர்த்தி நின்றுகொண்டிருப்பாள்.

ஓடைத் தண்ணியைக் குடிக்க மாட்டேங்குது, என்ன பண்றது?

புது இடத்துத் தண்ணீர் வாசனை பிடிக்காமல் பல குதிரைகள் மறுக்கும். ஒரு நாளைக்கு இருபதிலிருந்து நாற்பது லிட்டர் தேவை, வெயிலில் இன்னும் கூடும். முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரைப் பீப்பாயில் கொண்டுபோங்கள். ஓடைத் தண்ணீரை அதில் பாதிப் பாதியாகக் கலந்து வையுங்கள். புல்லை நனைத்துக் கொடுத்தாலும் கொஞ்சம் நீர் உள்ளே போகும். ஓடையில் நேராக இறக்கினால் கரை சரியும், தண்ணீர் கலங்கும். கல் பாவிய இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், அல்லது வாளியில் மொண்டு வந்து கொடுங்கள்.

லத்தியை என்ன செய்யறது?

குதிரை முகாமில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கொட்ட வேண்டும். காட்டுக்குள் தங்கினால் உதைத்துச் சிதறடித்து மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள், வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடும், ஈயும் மொய்க்காது. குவியலாக விட்டுப் போவது அடுத்து வருகிறவருக்குச் செய்யும் அநியாயம். தோண்டிய பள்ளத்தை மூடி, மேலே ஊசியிலையைப் பழையபடி பரப்புங்கள்.

பைன் இலை தின்னா விஷமாமே?

பாண்டரோசா ஊசியிலையில் ஐசோகுப்ரெசிக் அமிலம் இருக்கிறது. சினையின் பிற்பகுதியில் இருக்கும் மாடு அதைத் தின்றால் கன்று விழுந்துவிடும். இந்தப் பகுதிப் பண்ணையாளர்கள் எல்லோரும் அறிந்தது. குதிரை பசியில்லாமல் அதைத் தேடிப் போகாது. சினைக்குதிரையை முகாமுக்கே கூட்டி வராதீர்கள். என்னைக் கேட்டால் பைனைவிடக் கவலைப்பட வேண்டியது ஓடைக்கரையில் வளரும் சோக்செர்ரி. கிளை ஒடிந்து இலை வாடும்போது சயனைடு உண்டாகும். ஹைலைன் கட்டுமுன் குதிரை எட்டும் தூரத்தில் அது இருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

பிசின் விஷமில்லை, ஆனால் ஒட்டினால் விடாது. வாலிலும் கயிற்றிலும் பிடித்த பிசினைச் சோப்பு எடுக்காது. இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தேய்த்து, பத்து நிமிஷம் விட்டு, விரலால் வழித்தால் வந்துவிடும்.

கரடி, சிங்கம் எதுவும் வருமா?

கரடி இங்கே நிலையாக வாழ்வதில்லை, எப்போதாவது ஒன்று வழிதவறி வரும். மலைச்சிங்கம் (பூமா) உண்டு, ஆனால் மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிவிடும். நேரில் பார்த்தால் ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள். கையை விரித்து, குரல் கொடுத்துக்கொண்டே பின்வாங்குங்கள். ராத்திரி உங்களுக்கு முன்னால் குதிரைக்குத் தெரிந்துவிடும். இரண்டு குதிரையும் தலையைத் தூக்கி ஒரே திசையைப் பார்த்தால் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசுங்கள். டார்ச்சை அதன் கண்ணில் அடிக்காதீர்கள். இருட்டில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் மறுபடி இருட்டுக்குப் பழக அதற்கு நேரம் பிடிக்கும்.

காட்டெருமை எதிர்ல வந்தா?

கஸ்டர் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைசன் சுதந்திரமாகத் திரிகின்றன. நடந்து போகிறவர் நூறு கஜம் தள்ளி நிற்க வேண்டும், குதிரையோடு இன்னும் தூரம். பாதையை அடைத்து நின்றால் காத்திருங்கள், அல்லது திரும்புங்கள். ஜூலை ஆகஸ்டில் காளைகள் சண்டைக்கு நிற்கும் காலம், அப்போது பூங்காப் பக்கம் நாங்கள் சவாரி போவதில்லை. பைசனையே பார்த்திராத குதிரை அந்த வாசனைக்கே மிரண்டு திரும்பி ஓடும்.

கேம்ப் ஃபயர் இல்லாம கேம்பா?

தெற்கு டகோட்டா பக்கத்துக் காட்டில் வனத்துறை அமைத்துக் கொடுத்த அடுப்பைத் தவிர வேறெங்கும் திறந்த நெருப்பு மூட்டக்கூடாது. வில்லோ கிரீக் மாதிரி முகாமில் மூட்டலாம், காட்டுக்குள் தனியாகத் தங்கினால் கேஸ் அடுப்பு மட்டுமே. 2000 ஆகஸ்டில் ஒருவர் போட்ட ஒரு தீக்குச்சி 83,000 ஏக்கருக்கு மேல் எரித்தது, ஜாஸ்பர் தீ என்பார்கள். அந்தப் பக்கம் ஒரு தடவை சவாரி போய்ப் பாருங்கள், இந்த விதியைப் பற்றி மறுபடி கேட்க மாட்டீர்கள். ஊசியிலை மெத்தை என்று மேலே சொன்னேனே, கோடையில் அது அப்படியே விறகு.

மத்தியானம் இடி இடிச்சா குதிரையை எங்க வெக்கறது?

ஜூன் ஜூலையில் பிற்பகல் இடிமழை சாதாரணம், ஆலங்கட்டியும் விழும். விடிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடுவதே நல்லது. மாட்டிக்கொண்டால் மலைமுகட்டை விட்டு இறங்குங்கள், தனியாக நிற்கும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள். இறங்கி, முகக்கயிற்றைக் கையில் பிடித்து, குட்டை மரங்கள் ஒரே உயரத்தில் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் கூடாது.

ஓடைப் பள்ளத்தாக்கின் அடியில் கூடாரம் போடாதீர்கள். 1972 ஜூன் 9 இரவு இந்த மலையில் ஆறு மணி நேரத்தில் சில இடங்களில் பதினைந்து அங்குலம் மழை கொட்டி, ராபிட் ஓடை பெருகி, 238 பேர் இறந்தார்கள். கால் நனையும் ஆழத்தில் ஓடுகிற ஓடைதான் அது.

வயித்து வலி வந்தா எப்படித் தெரியும்? டாக்டர் வர நேரமாகுமே?

காலிக் என்பார்கள், குதிரை சாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. தீனி நிற்கும், லத்தி நிற்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், தரையைக் கீறும், படுத்துப் புரளும். இதில் எதையும் நிச்சயமாகச் சொல்ல, உங்கள் குதிரையின் வழக்கமான கணக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 செல்சியஸ்.

நான் தினமும் காலையில் காபிக்கு முன்னால் இதைச் செய்வேன். தாடை எலும்பின் உள்விளிம்பில் இரண்டு விரலை வைத்தால் பென்சில் தடிமனில் ஒரு ரத்தக்குழாய் உருளும், அதில் எண்ணலாம். பிறகு விலாவில் காதை ஒட்டி வைத்தால் குடல் உறுமும் சத்தம் கேட்கும். செவலையின் துடிப்பு 36. சத்தமே இல்லாமல், துடிப்பு அறுபதைத் தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள், தீனியை எடுத்துவிடுங்கள். வலிமருந்து பெட்டியில் இருந்தாலும் அவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வலி அடங்கிவிட்டால் நோயின் நிலை அவருக்குப் பிடிபடாது. காட்டில் பல இடத்தில் போன் சிக்னல் கிடையாது, எந்த மேட்டில் கிடைக்கும் என்று முதல் நாளே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குதிரையைக் கட்டிட்டு இன்னொண்ணுல மட்டும் சவாரி போகலாமா?

கூடாது. கூட்டத்தில் வாழும் பிராணி அது. துணை கண்ணை விட்டு மறைந்ததும் தனியாக நிற்பது கனைத்துக்கொண்டே இருக்கும், வியர்க்கும், ஹைலைனை இழுக்கும். அப்படி நிற்கும்போதுதான் காலிக்கும் கயிற்றுக்காயமும் வருகின்றன. கட்டாயம் என்றால் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஒரே ஒரு குதிரையோடு வருகிறீர்களா? தனித்து நிற்க முன்பே பழகியதாக இருந்தால் மட்டும்.

அவுத்துக்கிட்டு ஓடிட்டா துரத்தறதா?

துரத்தினால் இன்னும் ஓடும். மற்ற குதிரையை அவிழ்க்காமல் அங்கேயே வையுங்கள். ஓடியது அதைத் தேடி வரத்தான் அதிக வாய்ப்பு. தீனி வாளியைக் குலுக்குங்கள். முகாமில் எப்போதும் ஒரே மாதிரிச் சத்தத்தோடு தீனி கொடுத்து வந்தால் அந்தச் சத்தம் அன்றைக்கு உதவும். வரவில்லை என்றால் அது வந்த வழியே வண்டி நிற்கும் இடத்துக்குப் போயிருக்கும், அங்கே ஒருவரை நிறுத்துங்கள். முகக்கயிற்றில் போன் நம்பர் எழுதிய தகடு இருக்கட்டும், ராத்திரியிலும் கழற்ற வேண்டாம். இழுத்தால் அறுந்துவிடும் தோல்வார் வைத்த முகக்கயிறாகப் பாருங்கள், கிளையில் மாட்டினாலும் குதிரை தப்பும்.

மரத்துல கலர் கலரா துணி கட்டியிருக்கே, அது அடையாளமா? அவுக்கலாமா?

தொடாதீர்கள். அவை லகோட்டா மக்களின் பிரார்த்தனைத் துணிகள். துணிக்குள் புகையிலை முடிந்திருக்கும். பேர் பியூட்டிலும் பிளாக் எல்க் சிகரத்துக்குப் போகும் வழியிலும் நிறையப் பார்ப்பீர்கள். 7,242 அடி உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு லகோட்டா ஞானி பிளாக் எல்க்கின் பெயரை 2016இல்தான் வைத்தார்கள். அமெரிக்க அரசோடு செய்த 1868 ஒப்பந்தப்படி இந்த மலைகள் லகோட்டாக்களுடையவை. 1874இல் தங்கம் தெரிந்தது, 1877இல் அரசு பறித்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று அவர்கள் இன்றுவரை அதை வாங்கவில்லை.

அவர்கள் மொழியில் குதிரைக்கு ஷுங்கா வகான், புனித நாய் என்று பொருள். துணி கட்டிய மரத்தில் ஹைலைன் கட்டாதீர்கள். யாராவது அங்கே நின்று வேண்டிக்கொண்டிருந்தால் குதிரையை நிறுத்தி, அவர்கள் முடிக்கும்வரை தள்ளியே நில்லுங்கள். போன கோடையில் ஒரு பாட்டி அப்படி முடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. செவலையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, லகோட்டாவில் ஏதோ சொன்னார், இறங்கிப் போனார். செவலை காதைக்கூட அசைக்காமல் நின்றாள்.